ஏஞ்சலா? ஸ்பைக்கா? – ஒரு வாராக்கடன் கணக்கு

ரத்தக் காட்டேரிகளைக் கொல்வதற்கென்றே பிறந்த ஒரு பெண். அவளுக்கு ஒரு காட்டேரி மேல் காதல். அது முடிந்து சில வருடம் கழித்து இன்னொரு காட்டேரியோடு! கதையை இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் இந்த இரண்டு காட்டேரிகளில் அவளுக்கு ஏற்றவன் யார் என்று அமெரிக்க ரசிகர்கள் ஆரம்பித்த சண்டை இருக்கிறதே, சீரியல் முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஓய்ந்தபாடில்லை.

சீரியலின் பெயர் 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்'. ஜாஸ் வீடன் உருவாக்கியது. 1997 மார்ச்சில் டபிள்யூ.பி. சேனலில் ஆரம்பித்து, கடைசி இரண்டு சீசனுக்கு யு.பி.என். சேனலுக்கு மாறி, 2003 மே மாதம் முடிந்தது. மொத்தம் 7 சீசன், 144 எபிசோட். (மெகா சீரியல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு எண்ணிக்கையா!) கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். ஊருக்கு அடியில் நரகத்தின் வாசல். அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் படிக்கும் பஃபி சம்மர்ஸ்தான் நாயகி. 'ட்வைலைட்' படத்தில் டீம் எட்வர்ட், டீம் ஜேக்கப் என்று அடித்துக்கொண்டவர்களும், 'வாம்பயர் டைரீஸ்' பார்த்துவிட்டு ஸ்டெஃபனா டேமனா என்று விடிய விடிய பேசியவர்களும் இந்தச் சண்டையைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். அவற்றுக்கெல்லாம் டிவியில் அக்கா முறை பஃபி.

இப்படி ஜோடிக்காக வாதாடுபவர்களுக்கு 'ஷிப்பர்' என்று பெயர். 'ரிலேஷன்ஷிப்' என்ற வார்த்தையின் வாலைப் பிடித்து 1990களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' ரசிகர்கள் உண்டாக்கியது. மல்டரும் ஸ்கல்லியும் சேர வேண்டும் என்றவர்கள் ஷிப்பர்கள். காதலே வேண்டாம், ஒழுங்காக வேற்றுக்கிரகவாசியைத் தேடுங்கள் என்றவர்கள் 'நோரோமோ'. அங்கே கேள்வி சேர்வார்களா மாட்டார்களா என்பதோடு முடிந்தது. பஃபி ரசிகர்களின் சண்டை வேறு ரகம். ஒருவன் செய்த பாவம் எப்போது தீர்ந்ததாகக் கணக்கு என்பதுதான் அங்கே தகராறு. காதல் அதற்கு மேல் போட்ட போர்வை.

முதல் காட்டேரி ஏஞ்சல். 1753-இல் அயர்லாந்தில் காட்டேரி ஆனவன். இந்தக் கதையில் ஒரு விதி உண்டு: மனிதன் காட்டேரியானால் ஆன்மா போய்விடும், உடம்பும் ஞாபகமும் மட்டும் மிஞ்சும், உள்ளே ஒரு பேய் குடியேறும். ஏஞ்சலஸ் என்ற பெயரில் ஐரோப்பாவையே நடுங்க வைத்தவனுக்கு 1898-இல் ரோமா நாடோடிக் கூட்டம் ஒன்று சாபம் கொடுத்தது. என்ன சாபம்? ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! இனிமேல் செய்ததையெல்லாம் நினைத்து நினைத்துச் சாகட்டும் என்று. கூடவே ஒரு ஷரத்து. ஒரு நொடி முழுமையான மகிழ்ச்சி கிடைத்தால் ஆன்மா மறுபடியும் போய்விடும். (ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போடும் நிபந்தனை மாதிரி. அவனுக்கு இது தெரியவே தெரியாது.)

பஃபியின் பதினேழாவது பிறந்தநாள் ராத்திரியில் இருவரும் சேர்கிறார்கள். அவனுக்கு அந்த ஒரு நொடி கிடைத்துவிடுகிறது. மறுநாள் அவளிடம் பேசுகிறவன் வேறு ஆள். நேற்று ராத்திரி நடந்தது ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி எகத்தாளம். 1998 ஜனவரியில் வந்த அந்த இரண்டு எபிசோட்களைப் பார்த்த பெண்கள் பலர், இதில் காட்டேரி எல்லாம் சும்மா, இப்படி ஒரு மறுநாள் காலை நிஜத்திலேயே வருவதுதான் என்றார்கள். சீரியல் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

பிறகு ஏஞ்சலஸ் செய்தது விளையாட்டில்லை. பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்த ஜென்னி காலண்டரைக் கொல்கிறான். பஃபிக்குக் குருவாக இருக்கும் நூலகர் ஜைல்ஸ் காதலித்த பெண் அவள். அவனுடைய ஆன்மாவைத் திருப்பிக் கொண்டுவரும் மந்திரத்தைக் கண்டுபிடித்து முடித்த அதே ராத்திரியில் கொல்லப்படுகிறாள். கொன்றதோடு விடவில்லை. ஜைல்ஸ் வீட்டுக்குள் ரோஜாப்பூ, பாட்டு, மெழுகுவர்த்தி எல்லாம் ஏற்பாடு செய்து, காதலி மாடியில் காத்திருக்கிறாள் என்று அந்த மனிதர் புன்னகையோடு படியேறிப் போய்ப் பார்க்கும்படி கட்டிலில் கிடத்தி வைக்கிறான். சீரியலிலேயே பார்க்க முடியாத காட்சிகளில் அது ஒன்று.

சீசன் முடிவில் ஆன்மா திரும்புகிறது. ஆனால் அதற்குள் நரகத்தின் கதவு திறந்தாகிவிட்டது, அவன் ரத்தம்தான் அதை மூடும். பழைய ஏஞ்சலாகத் திரும்பி ஒன்றும் புரியாமல் நிற்பவனை முத்தமிட்டு, கண்ணை மூடச் சொல்லி, வாளைப் பாய்ச்சுகிறாள் பஃபி. பதினேழு வயதில்! ஏஞ்சல் கட்சிக்காரர்கள் எல்லோரும் அந்த நிமிடத்தில் கட்சியில் சேர்ந்தவர்கள்தான்.

இப்போது அவர்கள் வாதத்தைப் பாருங்கள். "ஜென்னியைக் கொன்றது ஏஞ்சலஸ். ஏஞ்சல் வேறு, ஏஞ்சலஸ் வேறு." பி.காம். முதல் செமஸ்டரில் சொல்லிக் கொடுப்பார்களே, முதலாளி வேறு, நிறுவனம் வேறு, இரண்டின் கணக்கையும் கலக்கக் கூடாது என்று. அதே தத்துவம். ஆன்மா இல்லாத காலத்துக் கடன் எல்லாம் ஏஞ்சலஸ் அண்ட் கோ கணக்கில். ஆன்மா வந்த நாள் முதல் புது நோட்டு. ரொம்ப வசதி. ஆனால் ஏஞ்சலே இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதை அவனுடைய ரசிகர்கள் கவனிப்பதே இல்லை! மூன்றாவது சீசனில், கிறிஸ்துமஸ் சமயத்து எபிசோட் ஒன்றில், கொன்றவர்கள் எல்லாம் கண் முன்னால் வந்து நிற்க, சூரியன் வந்தால் எரிந்து போகட்டும் என்று மலை மேல் போய் நிற்கிறான். பேர் இரண்டானாலும் கடனாளி ஒருவன்தான் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்தவன் ஸ்பைக். வெளுத்த தலைமுடி, கறுப்புத் தோல் கோட்டு, கையில் சிகரெட், வாய் நிறைய நக்கல். இரண்டாவது சீசனில் சில எபிசோட்களோடு சாக வேண்டிய வில்லன். நடிகர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸுக்குக் கிடைத்த வரவேற்பால் உயிர் தப்பியவன். 1880-இல் லண்டனில், எழுதிய கவிதைக்காக எல்லோரும் கேலி செய்த ஒரு கோழையாக இருந்து காட்டேரி ஆனவன். தன் காலத்தில் பஃபி மாதிரி இரண்டு வேட்டைக்காரிகளைக் கொன்றிருக்கிறான்: 1900-இல் சீனாவில் ஒருத்தி, 1977-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருத்தி.

நாலாவது சீசனில் ராணுவ ரகசிய ஆய்வகம் ஒன்று அவன் மண்டைக்குள் ஒரு சிப் வைத்துவிடுகிறது. மனிதனை அடித்தால் அவனுக்கே தலை வெடிக்கும். பல்லிருந்தும் கடிக்க முடியாத அந்த நிலையில்தான் பஃபி மேல் காதல் வருகிறது. காதலைச் சொன்ன விதமோ, அவளைச் சங்கிலியில் கட்டி வைத்து! அவளைப் போலவே ஒரு பொம்மை ரோபோ வேறு செய்து வைத்துக்கொள்கிறான். சகிக்கவில்லை. ஆனால் அதே ஆள், பஃபியின் தங்கையைப் பற்றிய ரகசியத்தைக் கேட்டு ஒரு தேவதை சித்திரவதை செய்தபோது செத்தாலும் சொல்வதில்லை என்று வாயை மூடிக்கொண்டு அடி வாங்குகிறான்.

இங்கேதான் ஸ்பைக் கட்சியின் பலமே. ஏஞ்சலுக்கு ஆன்மா தண்டனையாக வந்தது, ஸ்பைக் ஆன்மா இல்லாமலேயே நல்லது செய்யக் கற்றுக்கொண்டான் என்பார்கள். எதிர்க்கட்சியின் பதில்: நாயைச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு, பார் எவ்வளவு சாதுவாகிவிட்டது என்றால் எப்படி? சங்கிலியை அவிழ்த்தால்தானே தெரியும்.

ஆறாவது சீசன் இன்னும் சிக்கல். செத்துப்போன பஃபியை நண்பர்கள் மந்திரத்தால் எழுப்புகிறார்கள். நரகத்திலிருந்து மீட்டதாக அவர்களுக்கு நினைப்பு. அவள் இருந்ததோ சொர்க்கத்தில்! இந்த உண்மையை அவள் முதலில் சொல்வது ஸ்பைக்கிடம் மட்டும்தான். பிறகு ஆரம்பிக்கும் உறவில் காதலைவிட அடிதடியும் சுய வெறுப்பும்தான் அதிகம். அவளே அதை முடித்துக்கொள்கிறாள். முடிந்தது முடிந்ததுதான் என்பதை ஏற்க முடியாமல், 2002 மே 7 அன்று வந்த எபிசோடில், அவள் வீட்டுக் குளியலறையில் ஸ்பைக் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். பஃபி உதைத்துத் தள்ளித் தப்பிக்கிறாள். அந்தக் காட்சியில் நடித்தது எவ்வளவு கடினமாக இருந்தது என்று மார்ஸ்டர்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே எபிசோட் இன்னொரு கட்சியையும் அடித்துப் போட்டது. பஃபியின் தோழி வில்லோ, அவளுடைய காதலி டாரா. இருவரும் மந்திரக்காரிகள். 2001-இல் இவர்களுடைய முதல் முத்தம் திரையில் வந்தபோது அமெரிக்க டிவியில் இரண்டு பெண்களின் காதலை இவ்வளவு இயல்பாக, இவ்வளவு நாள் காட்டிய தொடர்கள் மிகக் குறைவு. வில்லோவுக்கு மந்திரம் ஒரு போதையாகிவிடுகிறது. ஒரு சண்டையை மறக்கடிக்க டாராவின் ஞாபகத்திலேயே கை வைக்கிறாள். கண்டுபிடித்த டாரா கத்தவில்லை, பழிவாங்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். பல மாதம் கழித்து, வில்லோ மந்திரத்தை விட்டு மெல்லத் தேறி வருவதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, தானாகவே கதவைத் தட்டுகிறாள். யாரும் கேட்காமல், யாரும் அவசரப்படுத்தாமல், பாதிக்கப்பட்டவளே முடிவெடுத்த மன்னிப்பு. சீரியலில் உள்ள மன்னிப்புகளிலேயே ஒழுங்கானது அதுதான்.

மறு எபிசோடில் ஜன்னல் வழியாக வந்த ஒரு குண்டு டாராவைக் கொன்றுவிட்டது. நடிகை ஆம்பர் பென்சனின் பெயரும் முகமும் டைட்டிலில் முதல் தடவையாக வந்ததும் அதே எபிசோடில்தான். இந்த விளையாட்டுதான் ரசிகைகளுக்குத் தாங்கவில்லை. பெண்ணைப் பெண் காதலித்தால் ஒருத்தி சாவாள், மற்றவளுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று சினிமாவும் டிவியும் காலம் காலமாகக் காட்டி வந்த பழைய பாட்டையே நீங்களும் பாடிவிட்டீர்களே என்று எழுத்தாளர்களைக் கேட்டார்கள். "கதைக்குத் தேவைப்பட்டது" என்பது போன்ற பதில்கள் வந்தன. வில்லோ பழிவாங்கக் கிளம்புவதற்குத் தேவைப்பட்டது, சரி. அந்த ஜோடியைப் பார்த்துத்தான் வீட்டில் உண்மையைச் சொல்லும் தைரியம் வந்தது என்றிருந்த பெண்களுக்கு அது பதிலாகுமா? 2016-இல் 'தி ஹண்ட்ரட்' தொடரில் லெக்ஸா என்ற பாத்திரமும் ஏறக்குறைய அதே மாதிரி, தனக்கு வைக்காத குண்டில் செத்தபோது, எல்லோரும் முதலில் நினைத்துக்கொண்டது டாராவைத்தான்.

சரி, ஸ்பைக்குக்கு வருவோம். குளியலறைக்குப் பிறகு அவன் ஆப்பிரிக்காவுக்குப் போய், கொடுமையான சோதனைகளைத் தாண்டி, ஆன்மாவைப் பெற்றுத் திரும்புகிறான். போனது சிப்பைக் கழற்றவா, ஆன்மா வாங்கவா என்று பார்ப்பவர்களை எழுத்தாளர்கள் வேண்டுமென்றே குழப்பினார்கள். ரசிகர்கள் இதைப் பற்றியே ஒரு வருடம் சண்டை போட்டார்கள். ஏழாவது சீசனில் பஃபி அவனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் பக்கத்தில் வந்தால் ஒதுங்குகிறாள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நம்பிக்கை வருகிறது. கடைசியில் எல்லோரும் அவளைக் கைவிட்ட ஒரு ராத்திரியில், அவள் தூங்குவதற்காக விடியும்வரை வெறுமனே அணைத்தபடி கிடக்கிறான். வேறு ஒன்றுமில்லை.

இதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் உண்டு. கோபப்பட்டவர்களும் உண்டு. தன்னைத் தாக்கியவனைத் திருத்துவதும் பெண்ணின் வேலைதானா, அவன் அழுதால் இவள் ஆறுதல் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. அந்த சீசனில் ஸ்பைக் எவ்வளவு வேதனைப்பட்டான் என்று விலாவாரியாக வருகிறது: சர்ச்சில் சிலுவையைக் கட்டிக்கொண்டு உடம்பு புகைவது, பள்ளிக்கூட அடித்தளத்தில் தனியாகப் பிதற்றுவது என்று. அந்தக் குளியலறைக்குள் மறுபடி கால் வைக்க பஃபிக்கு எத்தனை நாள் ஆனது என்று எந்தக் காட்சியும் வரவில்லை. கடனாளியின் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், கடன் கொடுத்தவளின் நோட்டை அவ்வளவாகத் திறக்கவே இல்லை.

இரண்டு கட்சியும் கோட்டைவிடுவது இதே இடத்தில்தான். வாராக்கடன் என்று தள்ளுபடி செய்வது யார் வேலை? கடன் கொடுத்தவர் வேலை. ஆடிட்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி செய்ய முடியாது. ரசிகர்கள் ஆடிட்டர்கள். ஏன், பஃபியே கூடப் பாதிக் கணக்குக்கு ஆடிட்டர் மட்டும்தான்! குளியலறையில் நடந்ததற்கு ஸ்பைக்கை அவள் மன்னிக்கலாம். ஜென்னிக்காக ஏஞ்சலை மன்னிக்க அவளுக்கு என்ன உரிமை?

சீரியலுக்கு இது தெரிந்தேதான் இருந்தது. ஏஞ்சல் நரகத்திலிருந்து திரும்பி வந்ததை பஃபி மறைத்து வைத்திருந்தாள் என்று தெரிந்ததும் ஜைல்ஸ் கத்தவில்லை. தன்னை மணிக்கணக்கில் சித்திரவதை செய்தவன் அவன் என்பதை அமைதியாக ஞாபகப்படுத்தி, நீ என்னை மதிக்கவில்லை என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். பிறகு ஏஞ்சல் உதவி கேட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே கூப்பிடுகிறார். கையில் வில் அம்பை ஏந்தியபடி! உதவி செய்வார், ஆனால் கணக்கை மூட மாட்டார். ஏஞ்சல் கட்சி எத்தனை காதல் காட்சியைப் பட்டியல் போட்டாலும் அந்த அம்பு இறங்கவில்லை.

ஸ்பைக் பக்கத்தில் அந்த அம்பு ராபின் வுட் கையில் இருக்கிறது. ஏழாவது சீசனில் பள்ளிக்கூடத்துக்கு வரும் புது முதல்வர். 1977-இல் நியூயார்க் ரயிலில் கொல்லப்பட்ட வேட்டைக்காரி நிக்கி வுட், அவருடைய அம்மா. அம்மா சாகும்போது பையன் சின்னக் குழந்தை. சுவரெல்லாம் சிலுவை அடித்த ஒரு கொட்டகைக்குள் ஸ்பைக்கை வரவழைத்துக் கொல்லப் பார்க்கிறார். அப்போது ஸ்பைக்குக்கு ஆன்மா வந்தாகிவிட்டது. ஸ்பைக் கட்சியின் வாதப்படி இப்போது அவன் திருந்தியவன். திருந்தியவன் அந்த மகனிடம் என்ன சொல்ல வேண்டும்? மன்னிப்பு கேட்கவில்லை. உங்கம்மாவுக்கு வேட்டைதான் முக்கியம், நீ அடுத்தபடிதான் என்கிற மாதிரி சொல்லிவிட்டு, உயிரோடு விட்டதே பெரிசு என்று வெளியே வருகிறான்.

அந்தச் சமயத்தில் அவன் மேல் இருப்பதைக் கவனியுங்கள். கறுப்புத் தோல் கோட்டு. போஸ்டரில், அட்டைப்படத்தில், மாறுவேடப் போட்டியில் எல்லாம் ஸ்பைக் என்றாலே அந்தக் கோட்டுதான். அது எங்கே கிடைத்தது என்று ஐந்தாவது சீசனிலேயே காட்டிவிட்டார்கள். ஓடும் ரயிலில் நிக்கியின் கழுத்தை முறித்துவிட்டு, அவள் உடம்பிலிருந்து உருவி எடுத்து மாட்டிக்கொண்டது. செத்தவளின் மகன் எதிரில் நிற்கும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் பேசுகிறான். ரசிகர்கள் அதே மாதிரிக் கோட்டைத் தேடி வாங்கினார்கள்.

கடைசி எபிசோடில் பஃபி இரண்டு பேரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஏஞ்சலிடம், தான் இன்னும் முழுசாக வேகாத பிஸ்கட் மாவு, வெந்த பிறகு பார்க்கலாம் என்கிறாள். நரகவாசலை மூடுவதற்காக எரிந்துகொண்டே நிற்கும் ஸ்பைக்கிடம் காதலிக்கிறேன் என்கிறாள். இல்லை, ஆனாலும் சொன்னதற்கு நன்றி என்கிறான் அவன். அவள் சொன்னது நிஜமா, அவன் சொன்னது நிஜமா என்பது இன்றைக்கும் நடக்கும் பட்டிமன்றம். தீர்ப்பு சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

எரிந்து சாம்பலான ஸ்பைக், ஏஞ்சலுக்கென்று தனியாக ஓடிய 'ஏஞ்சல்' தொடரின் ஐந்தாவது சீசனில் திரும்பி வந்துவிட்டான். கோட்டோடு! 2004 மே மாதம் வந்த ஒரு எபிசோடில், பஃபி ரோம் நகரத்தில் வேறு ஒருவனோடு சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டு ஏஞ்சலும் ஸ்பைக்கும் ஒரே விமானத்தில் அவளைக் "காப்பாற்ற"ப் பறக்கிறார்கள். வழியெல்லாம் ரசிகர்கள் ஏழு வருடம் போட்ட அதே சண்டையை இவர்களே போடுகிறார்கள். பஃபியைக் கூட்டத்தில் தூரத்திலிருந்து முதுகுப் பக்கமாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (அது பஃபியே இல்லை, அவளைப் போல வேடம் போட்டவள் என்று பின்னால் வந்த காமிக்ஸ் சமாளித்தது. அது தனிக் கதை.) இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகத் திட்டிய எபிசோட் அது ஒன்றுதான் இருக்கும் :)

அந்த ரோம் பயணத்தில் ஒரு வெடிகுண்டில் நிக்கியின் கோட்டு கிழிந்து நாசமாகிவிடுகிறது. ஸ்பைக் புலம்புகிறான், இனிமேல் அப்படி ஒன்று கிடைக்காது என்று. ஏஞ்சலின் கம்பெனியுடைய இத்தாலியக் கிளை அதே அளவில், அதே மாதிரி புதுக் கோட்டு ஒன்றை உடனே கொடுக்கிறது. அதோடு இன்னும் பத்துக் கோட்டு கூடுதலாக. போட்டுப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்புகிறான். ராபின் வுட்டுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.